நாலாமவருக்குப் பத்திரிகை வைத்தது

கழுகுமலைக்காரர்களுக்கு மலையைச் சுற்றாமல் சாமி கும்பிடத் தெரியாது. எங்கள் ஊர் முருகன் மலையைக் குடைந்து உள்ளே உட்கார்ந்திருக்கிறார், அவரைச் சுற்ற வேண்டுமென்றால் மலையைத்தான் சுற்ற வேண்டும், வேறு வழி கிடையாது. அதனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நடக்கப் பழகியதும் முதலில் நடப்பது மலையைச் சுற்றித்தான், பள்ளிக்கூடம், வேலை, கல்யாணம் எல்லாம் அதற்கப்புறம். எகிப்துக்குப் போன இடத்திலும் நாங்கள் அப்படித்தான் நடந்துகொண்டோம். அபு சிம்பல் என்ற ஊரில், மலையைக் குடைந்த கோயிலின் பின்பக்கமாகக் கொண்டுபோய் பஸ்ஸை நிறுத்தியதும், வழிகாட்டி இத்ரீஸ் ஒரு சிவப்புக் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "வாங்க, சீக்கிரம், தண்ணி" என்று தனக்குத் தெரிந்த தமிழ் முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு முன்னே நடக்க, நாங்கள் எங்கள் பாட்டுக்கு மலையை வலப்பக்கம் வைத்துச் சுற்றக் கிளம்பிவிட்டோம்.

அவர் பின்னாலேயே ஓடி வந்து, இது நிஜ மலை இல்லை, அணை கட்டித் தண்ணீர் ஏறி வந்தபோது கோயிலைத் துண்டு துண்டாக அறுத்து மேலே தூக்கி வந்து ஒட்டினார்கள், அதற்கு மேல் இந்த மலையைக் குவித்தார்கள், உள்ளே வெறும் கூடு என்று மூச்சு வாங்க இங்கிலீஷில் சொன்னார், தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குத் தமிழில் சொன்னார்கள். எங்களுடன் சமைக்க வந்திருந்த சுடலைமுத்து, அதைக் கேட்டுவிட்டு, "செஞ்ச மலைன்னா சுத்தக் கூடாதாக்கும். நடங்கய்யா" என்றான். நாங்கள் நடந்தோம். ஒரு பக்கம் கடல் மாதிரி ஏரி, மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் மணல், நடுவில் அரோகரா போட்டுக்கொண்டு ஒரு பஸ் கூட்டம்.

அந்தக் கூட்டத்தில் முதல் ஆளாகக் கழுகாசலம் போனார். கடைசி ஆளாக அவருடைய தங்கை உலகம்மாள் வந்தாள். இருவரும் பேசிக்கொள்வதில்லை.

கழுகாசலம் பஜாரில் இரும்புக்கடை வைத்திருப்பவர். உலகம்மாள் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், நான் அவளுக்கு எதிர்வீடு, அதனால் நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும். மகள் செண்பகம் தானாக ரிப்பன் கட்டத் தெரியாத வயதில் இருக்கும்போதே உலகம்மாளின் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். அதிலிருந்து அந்தப் பிள்ளைக்குக் காது குத்தியது மாமன் மடியில், பங்குனி உத்திரத்துக்கு மலை சுற்றியது மாமன் தோளில், பாளையங்கோட்டையில் காலேஜ் படித்தபோது வெள்ளிக்கிழமை தவறாமல் பஸ் ஸ்டாண்டில் காத்து நின்றது மாமன். இந்தப் பிள்ளை தன் மகன் தங்கவேலுக்குத்தான் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதே இல்லை என்று நினைத்திருந்தார். செண்பகமோ, ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவனை அப்படிப் பார்க்க வரவில்லை என்று சொல்லி, சென்னையில் தன்னோடு வேலை பார்க்கும் பையன் ஒருவனைக் கைகாட்டிவிட்டாள். தங்கவேலுக்கும் அதே எண்ணம்தான், ஆனால் அவனுக்கு அப்பா முன்னால் வாய் திறக்காது. கழுகாசலம் தங்கை வீட்டு வாசற்படியில் நின்று, "அப்ப தாய்மாமனையும் அந்த ஊர்லயே பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான்.

இந்தப் பயணத்துக்கு இருவரும் சேர்ந்து பெயர் கொடுத்தது அதற்கு முன்னால். எங்கள் ஊர் மலையில் வெட்டுவான் கோயில் என்று ஒன்று இருக்கிறது, ஒரே பாறையை மேலேயிருந்து கீழே குடைந்து, பாதியில் நிறுத்திவிட்டுப் போன கோயில், அதைப்போல உலகத்தில் வேறு எவனாவது வெட்டியிருக்கிறானா என்று பார்த்துவிட வேண்டும் என்பது கழுகாசலத்தின் ஆசை. அண்ணன் பார்ப்பதைத் தானும் பார்க்க வேண்டும் என்பது தங்கையின் ஆசை. சண்டை வந்த பிறகு இருவரில் ஒருவர் பின்வாங்கியிருக்கலாம். ஆனால் பின்வாங்கினால் தோற்ற மாதிரி ஆகிவிடுமே, அதனால் இருவரும் வந்து, ஒருவர் டிரைவர் பக்கத்திலும் ஒருவர் கடைசி சீட்டிலுமாக உட்கார்ந்து, கெய்ரோவிலிருந்து எங்கள் உயிரை வாங்கினார்கள். சுடலைமுத்துதான் நடுவில் அகப்பட்டவன். "சுடலை, அங்கன எலுமிச்சை ஊறுகா இருக்கான்னு கேளு" என்பார் அவர். "வாய் இருக்கவுக கேட்டாத் தருவேன்னு சொல்லு" என்பாள் அவள். பிறகு ஊறுகாய் பாட்டில் தானாக முன்னால் போகும், கேட்காமலே.

அவள் பெட்டியில் ஊறுகாயோடு வேறொன்றும் இருந்தது. கல்யாணப் பத்திரிகையை முதலில் சாமிக்கு வைக்க வேண்டும், அடுத்து தாய்மாமனுக்கு வைக்க வேண்டும், அவர் வாங்கிய பிறகுதான் மற்ற வீடுகளுக்கு. சாமிக்கு வைத்தாயிற்று. தாய்மாமன் வீட்டுக் கதவு திறக்கவில்லை. அதனால் அடித்து வந்த பத்திரிகையெல்லாம் அவள் வீட்டு அலமாரியில் கட்டுக் கட்டாக அப்படியே கிடந்தது, தையில் முகூர்த்தம், மார்கழியும் பாதி போய்விட்டது. பரதேசத்தில் கதவைச் சாத்த முடியாது என்று கணக்குப் போட்டு, எவர்சில்வர் தட்டு, மஞ்சள் தடவிய பத்திரிகை, ஈரத்துணியில் சுற்றிய வெற்றிலை, பாக்கு, பழம் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள் உலகம்மாள். ஏர்போர்ட்டில் ஒரு தடவை நீட்டப் போனாள், அவர் கழிவறைக்குள் போய்விட்டார். நைல் நதிப் படகில் ஒரு தடவை எழுந்தாள், அவர் மேல்தளத்துக்கு ஏறி வெயிலில் நின்றார். மனுஷன் கறுத்ததுதான் மிச்சம்.

மலையைச் சுற்றி முன்பக்கம் வந்தபோது, மலையளவு உயரத்தில் நாலு ராஜாக்கள் கைகளைத் தொடைமேல் வைத்து உட்கார்ந்திருந்தார்கள், அதில் ஒருவருக்கு இடுப்புக்கு மேல் உடைந்து காலடியில் கிடந்தது. எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். கழுகாசலம் எடுக்கவில்லை. அவர் உள்ளே போய்ச் சுவர் ஓரமாக நடந்து, காவலாளி பார்க்காதபோது உள்ளங்கையால் கல்லைத் தடவி, "முன்னாலேர்ந்து உள்ள போயிருக்கான். நம்மாளு மேலேர்ந்து கீழ எறங்குனான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இவன் முடிச்சிட்டான்" என்றார். அதைச் சுடலைமுத்துவிடம் சொல்கிற மாதிரி சொன்னாலும், பாறையைப் பற்றி அவர் வாழ்நாள் முழுவதும் ஒரே ஆளிடம்தான் பேசியிருக்கிறார், அந்த ஆள் பத்தடி பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

கோயிலின் கடைசியில், மலையின் வயிற்றுக்குள், ஒரு சின்ன அறை. அங்கே நாலு பேர் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தார்கள். இத்ரீஸ் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: வருஷத்தில் இரண்டு நாள் விடிகாலைச் சூரியன் வாசலில் நுழைந்து, இவ்வளவு தூரமும் வந்து இவர்கள்மேல் விழும், கட்டியவர்கள் அப்படிக் கணக்குப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். மூன்று பேர்மேல் விழும். இடது ஓரத்தில் இருக்கிற நாலாமவர்மேல் மட்டும் விழாது, அவர் இருட்டுக்கு உரியவர். அவர் பெயரையும் சொன்னார், எங்கள் யாருக்கும் அது வாயில் நுழையவில்லை. முகம் தேய்ந்து, மூக்கு எங்கே வாய் எங்கே என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த அவரைப் பார்த்து எங்கள் பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். ஒரு வீட்டில் நாலு பிள்ளை இருக்க மூன்று பேருக்கு மட்டும் தீபாவளிக்குத் துணி எடுத்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது எங்களுக்கு.

குடைந்த கோயிலில் பின்வாசல் கிடையாது. இதை எங்கள் ஊரில் பிறந்த கழுகாசலம் மறந்திருக்கக் கூடாது. அவர் கல்லைப் பார்க்கும் ஆவலில் கடைசி ஆளாக உள்ளேயே நின்றுவிட்டார், திரும்பினால் வாசலை அடைத்துக்கொண்டு தங்கை, கையில் தட்டு.

"அண்ணே, எடுத்துக்கோங்க" என்றாள். அவர் சுவரைப் பார்த்தார். "பேச வேண்டாம். எடுத்துக்கிட்டாப் போதும். நீங்க கைபுடிச்சுக் கூட்டிட்டுப் போகாம அவ மணவறை ஏற மாட்டா."

கழுகாசலத்தின் தாடை அசைந்ததை நான் பார்த்தேன். என்னைப் போலவே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததுதான் பிரச்சினை என்று இப்போது தோன்றுகிறது. அவர் சுவரோடு ஒட்டித் தங்கையைத் தாண்டி, வெயிலைப் பார்க்க நடந்து போய்விட்டார்.

நீட்டிய தட்டைத் திரும்ப இழுக்கக் கூடாது. யாராவது வாங்கியாக வேண்டும், அது முறை. உலகம்மாள் அந்தத் தட்டை நீட்டியபடியே நின்றாள், கண்ணிலிருந்து நீர் கொட்டியது, துடைப்பதற்குக் கை இல்லை. பிறகு திரும்பி, குறுக்கே கட்டியிருந்த தடுப்புக் கயிற்றுக்குக் கீழே குனிந்து, தட்டை நாலாமவரின் காலடியில் வைத்தாள். காவலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார், இத்ரீஸ் அவர் தோளில் கை போட்டு வேறு பக்கம் திருப்பிவிட்டார்.

"அய்யா, ஒங்க பேரு எனக்குச் சொல்ல வரல, கோவிச்சுக்கிடாதீக. வெளிச்சம் ஒங்கள ஒதுக்கிருச்சு, எங்கண்ணன் என்ன ஒதுக்கிட்டாக. தையில என் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் எடத்துல நிக்க ஆளில்ல. நீங்க வந்து நின்னு நடத்திக் குடுக்கணும்" என்றாள். பிறகு முறைப்படி கும்பிட்டுவிட்டு வந்து பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தாள்.

தை பிறந்து பொங்கல் கழிந்து ஒரு நல்ல வெயில் நேரத்தில் நாலாமவர் வந்தார்.

கோவில்பட்டி பஸ்ஸிலிருந்து இறங்கினார். கண்டக்டர் கோவில்பட்டியிலேயே குழம்பியிருக்கிறார், கல் என்றால் லக்கேஜ், உட்கார்ந்து வருகிறார் என்றால் ஆள், கடைசியில் கையில் கல்யாணத் தட்டு இருப்பதைப் பார்த்துவிட்டு ஆள் என்றே டிக்கெட் கிழித்துவிட்டாராம். அந்தத் தட்டோடுதான் தெருவில் நடந்து வந்தார், வெற்றிலை வாடாமல் இருந்தது. வழி கேட்கவில்லை. உலகம்மாள் வாசலில் வந்து நின்றார்.

"வாங்க" என்றாள் அவள். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கல்யாணத்துக்கு முன்கூட்டியே வருகிறவர்களை ஏன் வந்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை, எப்போது வந்தீர்கள் என்றுதான் கேட்போம், நாங்களும் அதைத்தான் கேட்டோம். அவர் பேசமாட்டார் என்று தெரிந்ததும் நாங்களே பதிலும் சொல்லிக்கொண்டோம். தெருவில் அன்று சாயங்காலம் வரை இரண்டே விவாதம். ஒன்று, சைவமா அசைவமா. இன்னொன்று, என்ன முறை. முதலாவதற்கு முடிவு வரவில்லை, இரண்டாவது சுலபம்: தாய்மாமன் இடத்துக்கு அழைக்கப்பட்டவர் உலகம்மாளுக்கு உடன்பிறந்தவர், ஆகவே தெருப் பிள்ளைகளுக்கு மாமா, எனக்கு மச்சான். கழுகாசலத்தின் மனைவி மட்டும், வீட்டுக்காரருக்கு அண்ணனா தம்பியா என்று தெரியாமல் திணறினாள். கோயிலுக்கு மூவாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று இத்ரீஸ் சொன்ன கணக்கை வைத்து, வயதில் மூத்தவர்தான் என்று தெளிந்த பிறகு, பெரியத்தான் என்று சொல்ல ஆரம்பித்து, வீட்டுக்காரருக்குத் தெரியாமல் அதிரசம் கொடுத்தனுப்பினாள்.

இத்ரீஸிடமிருந்து போன் வந்ததும் அந்த வாரம்தான். செண்பகம் இங்கிலீஷில் பேசினாள். இடம் காலியாக இருக்கிறது, ஆனால் யாரும் கவனிக்கவில்லை, இருட்டில் இருப்பவர் இருக்கிறாரா இல்லையா என்று யார் எட்டிப் பார்க்கிறார்கள் என்றாராம். மாசியில் சூரியன் வரும் நாளில் கூட்டம் கூடும், அதற்குள் அனுப்பிவைத்தால் போதும், கல்யாணத்தை நல்லபடியாக முடியுங்கள் என்றாராம். மாசியில் சொன்ன தேதிக்கு முன்னால் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தாயிற்று என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் கதையைக் கேட்காமல் அதையே யோசித்துக்கொண்டிருப்பீர்கள்.

அவர் தனியாக வரவில்லை, தன் இருட்டையும் கூட்டிவந்திருந்தார். எங்கள் கரிசல் வெயில் லேசுப்பட்டதில்லை, தையிலேயே மண்டையைப் பிளக்கும், அதுவும் அவரைத் தொடாமல் விலகிப் போனது. அவர் உட்கார்ந்த இடத்தில், ஒரு கட்டில் அகலத்துக்கு, மரமில்லாமல் கூரையில்லாமல் இருட்டு விழுந்து கிடந்தது. முதலில் கோழிகள் கண்டுபிடித்தன, அப்புறம் நாய்கள், அப்புறம் பச்சைப்பிள்ளைக்காரிகள். காய்ச்சலில் அழும் பிள்ளையை அவர் பக்கத்தில் போட்டால் தொட்டில் ஆட்டாமலே தூங்கியது. செண்பகம் அவருக்கு எதிரே உட்கார்ந்து சென்னைக் கதையெல்லாம் சொன்னாள், கடைசியில் ஒவ்வொரு நாளும் கழுகாசலம் மாமா கதையில் வந்து நின்றாள்.

பெரியவர்கள் கண்டுபிடிக்கக் கொஞ்ச நாள் ஆயிற்று. மாவு மில் வைத்திருக்கும் ஒருவர், பெயர் வேண்டாம், சும்மா குளிர்ச்சிக்காகப் போய் அந்த இருட்டில் உட்கார்ந்தவர், இருபது வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன தம்பியை நினைத்து வாய்விட்டு அழுதுவிட்டு வந்தார். உள்ளே இருப்பவர் முகம் வெளியே தெரியவில்லை, குரல்கூட யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது, அப்படிப்பட்ட இருட்டு. வெளியே வந்து முகம் கழுவிவிட்டு, "நல்ல குளிர்ச்சி" என்றார். நாங்களும் ஆமாம், நல்ல குளிர்ச்சி என்றோம். பாகப்பிரிவினையிலிருந்து பேசாமலிருந்த இரண்டு ஓரகத்திகள், ஒருத்தி உள்ளே இருப்பது தெரியாமல் இன்னொருத்தி போய், என்ன நடந்ததோ, ஒருத்தி முந்தானையை மற்றவள் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். அதற்கப்புறம் எங்கள் தெருவில் அது ஒரு சாதாரணப் பேச்சாகிவிட்டது. அடுப்பில் பால் வைத்துவிட்டு, "கொஞ்சம் பாத்துக்கோங்க மதினி, இருட்டுக்குள்ள போயிட்டு வந்திருதேன்" என்பார்கள். யாரும் எதற்கு என்று கேட்கமாட்டார்கள். வெளிச்சத்தில் வைத்துச் செய்ய முடியாதது ஒவ்வொருவரிடமும் ஒன்று இருந்தது, இத்தனை நாள் அதை எங்கே கொண்டுபோய்ச் செய்வது என்று தெரியாமல் நெஞ்சில் வைத்துக்கொண்டு இட்லி தின்றுகொண்டு இருந்திருக்கிறோம். அந்த அறையில் ஒருவரை மட்டும் ஏன் இருட்டில் உட்கார வைத்தார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது, அல்லது புரிந்த மாதிரி இருந்தது.

கழுகாசலம் மட்டும் வரவில்லை. "என் எடத்துக்குக் கல்லக் கொண்டாந்து வச்சிருக்கா. நிக்கட்டும், நல்லா நிக்கட்டும்" என்று கடையில் உட்கார்ந்து ஆணி நிறுத்துக்கொண்டே சொன்னார். ஆனால் அவர் உடம்பு பாதியாகிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டு கேரியர் திறக்காமலே வீட்டுக்குத் திரும்புகிறது என்று அவர் மனைவி வந்து உலகம்மாளிடம் சொல்லிவிட்டு அழுதாள்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நல்ல மனிதர்கள், கல் வந்ததைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் ஆட்சேபம் இல்லை, வீடியோக்காரர்தான் பயமுறுத்திவிட்டார்: எவ்வளவு பெரிய லைட் போட்டாலும் அவர் பக்கத்தில் நிற்கிறவர் முகம் விழாது, பொண்ணு முகம் இல்லாமல் ஆல்பம் எப்படிப் போடுவது. மாப்பிள்ளையின் அப்பா தயங்கித் தயங்கி, "முன் வரிசையில மரியாதையா நாற்காலி போட்டு உக்கார வைப்போம் மைனி. மேடையில வேண்டாமே" என்றார்.

"வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிட்டுட்டு, இப்ப தள்ளி நில்லுங்கன்னு எனக்குச் சொல்ல வராது" என்றாள் உலகம்மாள். "எல்லா எடத்துலயும் அவரத் தள்ளித்தான் வச்சிருக்காக. இங்கயுமா?"

மாலை போட்டு, கைபிடித்து மணவறைக்குக் கூட்டிப் போகிற வரைக்கும் நாலாமவர், அதற்குமேல் ஓரமாக நின்றுகொள்வது என்று பேசி முடித்தார்கள். அந்த ராத்திரி உலகம்மாள் என் மனைவியிடம் சொன்னாளாம், "அவரு வந்தது எனக்கு எவ்வளவோ தெம்பு அக்கா. ஆனா எனக்கு எங்கண்ணன்தான் வேணும்."

முகூர்த்தத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. தாய்மாமனாக ஒருவர் பத்திரிகை வாங்கிக்கொண்டபடியால் அலமாரிக் கட்டெல்லாம் பிரிந்து வீடு வீடாகப் போயிருந்தது, வராதவர்கள் யாருமில்லை, ஒருவரைத் தவிர. நாதஸ்வரக்காரர் நிறுத்தி மூச்சு வாங்கிய நேரத்தில் ஐயர், "பொண்ணுக்குத் தாய்மாமன் வரணும்" என்று குரல் கொடுத்தார். மணமகள் அறை வாசலில் நின்ற இருட்டு அசைந்தது. செண்பகம் தலை குனிந்து அதன் முன்னால் வந்து நின்றாள்.

இருட்டுக்குள்ளிருந்து மாலை வந்தது. மாலையைப் பிடித்துக்கொண்டு இரண்டு கை வந்தது. அவள் கழுத்தில் மாலை விழுந்ததும், ஒரு கை உள்ளே போயிற்று, மற்றது அவள் கையைப் பிடிக்க நீண்டது, நாங்கள் எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தோம். சூடான கை. அது சூடாக இருந்தது எனக்கு எப்படித் தெரியும் என்றால், பிடித்தவுடன் செண்பகத்தின் முகம் மாறியது. அதில் ஸ்டீல் செயின் போட்ட வாட்ச் இருந்தது, புறங்கையில் நரைத்த முடி இருந்தது.

"மாமா" என்றாள் அவள்.

"சத்தம் போடாத தாயி" என்றது இருட்டு. "நான் வரல. மூத்தவருக்குக் கை கனமாருக்கு, அதான் கொஞ்சம் புடிச்சுக் குடுக்கேன்."

கேட்கிற தூரத்தில் ஒரு முந்நூறு பேராவது இருந்திருப்போம். மாவு மில்காரர் தலைக்கு மேலே ஓடும் ஃபேனை ஆராய்ந்தார். ஓரகத்திகள் ஒருத்தி தலைப் பூவை மற்றவள் சரிசெய்தாள். வீடியோக்காரர்கூடக் கேமராவை நாதஸ்வரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார், அவர் கோவில்பட்டிக்காரர், அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ. பெண் வெளிச்சத்தில் நடந்தாள், பக்கத்தில் இருட்டு நடந்தது, நடுவில் அந்தக் கை மட்டும் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மணவறை வரை போயிற்று. அவளை உட்கார வைத்தது. விட வேண்டிய நேரம் வந்தும் விடவில்லை. பிறகு விட்டது.

இருட்டு பேசிவைத்தபடி ஓரமாக நகர்ந்து நின்றது. தாலி ஏறியது. மேளம் கொட்டி, அட்சதை விழுந்து, எல்லோரும் மணமக்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, உலகம்மாள் மெல்லப் பின்னால் நகர்ந்து அந்த இருட்டின் ஓரத்தில் போய் நின்றாள். உள்ளே ஒருவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் பக்கத்தில்தான் இருந்தேன், ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே" என்றாள் அவள், "சாப்பிட்டீகளா?"

உள்ளே மூக்குறிஞ்சும் சத்தம் நின்றது.

"இல்ல" என்றது இருட்டு. "பசிக்குது உலகு."

அவள் உள்ளே கையை விட்டு அவரை வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள். முகம் துடைத்துக்கொள்ளப் பட்டுச்சேலையின் முந்தானையைக் கொடுத்துவிட்டு, பந்தியில் இலை போடச் சொல்லிச் சுடலைமுத்துவைக் கூப்பிட்டாள். மூத்தவருக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று, நடுவில் தனக்கு ஒன்று.